ஆறடி நாலங்குலம், முடி உட்பட

தொழில்முறைக் கூடைப்பந்து வீரனாக வெளிநாடு போனவன் நான் என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்வதுண்டு. அந்த வேலைக்காக என் தலைமுடியையும் உயரத்தில் சேர்த்து அளந்து அனுப்பினேன் என்பதை மட்டும் இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. தலையில் சுருட்டை முடி புதராக நின்றது. அந்தப் புதரின் இன்றைய நிலவரம் வாசகர்களுக்குத் தேவையில்லாதது. திருத்தணியிலிருந்து ரயிலேறிச் சென்னைக்குப் போய் ஆடிக்கொண்டிருந்த என்னை ஒரு போட்டியில் ஏஜெண்ட் ஒருவர் பார்த்தார். வளைகுடாவில் இரண்டாம் டிவிஷனில் ஆடும் ஒரு கிளப்புக்கு, கூடைக்கு அடியில் நிற்க ஓர் உயரமான ஆள் வேண்டுமாம். ஆறடி நாலங்குலத்துக்குக் குறையக் கூடாது என்றார். நான் ஆறடி இரண்டு.

அக்காவின் கணவர், என் பாவாவுக்குப் பொதட்டூர்பேட்டையில் லுங்கி வியாபாரம். துணி அளக்கும் மீட்டர் கோலோடு வந்து என்னைச் சுவரோரம் நிற்க வைத்தார். தலையில் ஓர் அட்டையை முடி அமுங்காதபடி வைத்து, அதற்கு மேல் பென்சிலால் கோடு போட்டார்.

“பாவா, இது முடி பாவா. ஆளு கீழ இருக்கறேன்.”

“சும்மா இரு மச்சான். விக்கும்போது கொஞ்சம் இழுத்துத்தான் அளக்கணும். வாங்கறவன் இன்னா, வூட்டுக்குப் போய் திரும்பியா அளக்கப் போறான்?”

வியாபார உலகின் அனுபவ ஞானத்துக்குத் தலைவணங்கி, இல்லை, தலை நிமிர்ந்து, ஆறடி நாலு என்று எழுதி அனுப்பினேன். ஒப்பந்தம் வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் நண்பர்கள் பேனர் கட்டினார்கள். அதில் நான் முடியோடு ஒரு பந்தைத் தூக்கிப் பிடித்திருந்தேன்.

ஒரு விஷயம் எனக்குத் தெரிவிக்கப்படவில்லை. இந்த வேலை கிடைத்தால் மொட்டை போடுவதாக அக்கா முருகனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு அல்ல, என் தலைக்கு. விமானத்துக்கு முந்தைய நாள் காலை என்னை மலைக்கு இழுத்துப் போனாள். வேண்டுதலைத் தீர்க்காமல் கடல் தாண்டுவதை எங்கள் ஊரில் யோசித்துப் பார்க்கவே மாட்டார்கள். நானும் யோசிக்கவில்லை. எதையுமே யோசிக்கவில்லை என்பது, சந்தனம் பூசிய தலையோடு எழுந்து நின்றபோதுதான் தெரிந்தது. கூட வந்திருந்த பாவா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மச்சான், உன் ரெண்டு இன்ச்சு அங்க கெடக்குது.”

“ரெண்டு பேரும் ஏன் இப்புடி முழிச்சிகினு நிக்கறீங்க?” என்றாள் அக்கா. பாவா விஷயத்தைச் சொன்னார். “முருகனுக்குத் தெரியாத கணக்கா? அவரு பாத்துப்பாரு, வா” என்று தரிசன வரிசையைப் பார்த்து நடந்தாள்.

அங்கே விமான நிலையத்தில் கிளப் மேலாளர் என் புகைப்படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைத் தாண்டி இரண்டு முறை போனார். மறுநாள் மருத்துவப் பரிசோதனை. அதில் அளந்த உயரத்தைப் பார்த்த பயிற்சியாளர், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த நரைத்த மனிதர், தாளையும் என் தலையையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், முடியைக் கடவுளுக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன்.

“உங்கள் கடவுள் எத்தனை அங்குலம் எடுத்துக்கொண்டார்?” என்று கேட்டார்.

சிரிக்காமல்தான் கேட்டார். பதினைந்து நாள் பார்ப்பேன், உபயோகமில்லை என்றால் ஊருக்கு டிக்கெட் என்றார். எனக்கு அவரைவிடப் பஸ் ஸ்டாண்ட் பேனர்தான் பயமாக இருந்தது. அது கிழிவதற்கு முன் நான் திரும்பி வந்து, அதன் அடியில் பஸ்ஸை விட்டு இறங்க வேண்டியிருக்கும்.

கூடைக்கு அடியில் என்னைவிட உயரமானவர்கள் என் தலைக்கு மேலேயே பந்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். பத்தாம் நாள் பயிற்சியாளர் எனக்கு வேறு வேலை கொடுத்தார். எங்கள் ஆட்டக்காரனைத் துரத்தி வருபவனின் வழியில் தூண் மாதிரி நிற்க வேண்டும். அசைந்தால் என் மேல் தவறு. வருகிறவன் முழு வேகத்தில் வந்து என் நெஞ்சில் மோதுவான். அந்த இடைவெளியில் நம் ஆள் பந்தைக் கூடைக்கு எறிந்துவிடுவான்.

பதினைந்தாம் நாள் ஒரு பயிற்சி ஆட்டம். எனக்கு மூச்சு நின்று நின்று வந்தது. ஆனால் நான் அசையவில்லை. வீரம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு முறை ஒருவன் பாய்ந்து வரும்போதும் அந்தப் பேனர் கண்ணுக்கு முன்னால் வந்தது, கால் தரையில் ஒட்டிக்கொண்டது. கடைசி நிமிடத்தில் எதிரணியின் மாமலை ஒன்று என் மேல் மோதி அதுவே விழுந்தது. எங்கள் பந்து கூடைக்குள் போனது. பயிற்சியாளர் கையிலிருந்த தாளில் ஏதோ எழுதி, என்னைப் பார்த்துத் தலையை ஒருமுறை அசைத்தார். என் ஆறு வருட வளைகுடா வாழ்க்கை அந்தத் தலையசைப்பில் ஆரம்பித்தது.

அந்த அரங்கத்தின் மரத்தரை இன்னும் கனவில் வருகிறது. அதுவரை சிமெண்டில் ஆடி முட்டியைத் தேய்த்தவன் நான். மரத்தரையில் ஷூ கிறீச்சிடும் சத்தத்தை முதல்நாள் கேட்டபோது, ஏதோ பணக்கார வீட்டுக்குள் செருப்போடு நுழைந்துவிட்ட மாதிரிக் கூசியது. வெள்ளிக்கிழமை சாயங்கால ஆட்டங்களுக்கு முந்நூறு பேர் வந்தால் திருவிழா. அதில் பாதிப் பேர் ஏ.சி.க்காக வந்தவர்கள். ஆட்டம் முடிந்து ஈரச் சட்டையோடு வெளியே வந்தால் கடல்காற்று சூடாக முகத்தில் அடிக்கும். எதிர்க் கடையில் நின்று டீ குடிப்போம். அந்த டீயின் ருசியைத் தேடி நான் போகாத கடை இல்லை. கிடைக்கவில்லை. நெஞ்செலும்பு வலித்தபடி குடிக்க வேண்டுமோ என்னவோ.

முதல் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது அந்தப் பதினைந்தாம் நாள் ஆட்டத்தின் சி.டி.யைக் கொண்டுவந்தேன். பயிற்சியாளர் எல்லாவற்றையும் படம் பிடிப்பவர். அக்கா வீட்டு டி.வி.யில் போட்டு, நடுநடுவே நிறுத்தி, நிறுத்தி விளக்கினேன். இதோ இங்கே நான். இதோ மோதுகிறான். நான் நகரவே இல்லை பாருங்கள். பாவா “ஆங், ஆங்” என்று கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா முறத்தில் கீரையை ஆய்ந்தபடி கடைசிவரை பார்த்தாள். படம் முடிந்ததும் நிமிர்ந்தாள்.

“ஏன்டா, சும்மா நிக்கறதுக்கா ப்ளேன் ஏறிப் போன? பள்ளிப்பட்டு பஸ்ல நாங்க டெய்லி நின்னுகினுதான போறோம். எவன் படம் புடிச்சான்?”