பார்வைக்கு மட்டும் ஒரு பல்

கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்த அந்த அம்மாளுக்குச் சிரிப்பக்கா என்று பெயர் வைத்தது வாடிக்கைக்காரர்கள்தான். அளவு எடுக்கத் தொடங்கினால் பேச்சு, பேச்சு முடிவதற்குள் சிரிப்பு. தைத்து முடித்ததும் நூலைப் பல்லால் ஒரு கடி. கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடக்கும். அதை யார் எடுப்பது? வருஷக்கணக்காகக் கடித்ததில் முன்பல் ஒன்று வேரோடு பிளந்துபோயிற்று. அதைப் பிடுங்கிய நாளிலிருந்து அக்கா வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் பேசினாள். சிரிப்பு நின்றே போனது.

கடையின் ஓரத்தில் இஸ்திரி போடும் அவள் கணவருக்கு இது தாங்கவில்லை. அவளைக் கேலி பண்ணியே காலம் தள்ளிய மனுஷன், வாயடைத்துப் போனார். அவர்தான் பல் டாக்டரிடம் கூட்டிப்போனார்.

அந்த டாக்டரம்மா பொறுமைசாலி. தாடை எலும்பில் போதிய கனம் இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்தார். சர்க்கரை உண்டா, என்னென்ன மாத்திரை, ஊசி என்று துருவித் துருவிக் கேட்டார். எலும்புக்குள் சின்னத் திருகாணி மாதிரி ஓர் உலோக வேரை வைப்பார்களாம். எலும்பு வளர்ந்து அதை இறுகப் பிடித்துக்கொள்ள மாதக்கணக்காகுமாம். அதுவரை மேலே ஒரு தற்காலிகப் பல். எலும்பில் துளை என்றதுமே அக்கா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். நல்லவேளை, மரத்துப்போக ஊசி போட்ட பிறகு வலியில்லை; மண்டைக்குள் அதிர்வு மட்டும் கேட்டது.

"இந்தப் பல்லு பார்வைக்கு மட்டும்தாம்மா. எதையும் கடிக்காதீங்க. லேசா ஆடினாக்கூட அன்னைக்கே வந்துடுங்க" என்றார் டாக்டர்.

அக்கா பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினாள். கடிக்கக்கூடாது என்றால் அவள் நினைத்ததெல்லாம் கொட்டை, கரும்பு, கறி எலும்பு. நூலை யாராவது சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பார்களா?

பள்ளிச் சீருடை தைக்கும் நெருக்கடி வந்தது. ஒரு சட்டைக்குப் பொத்தான் வைத்தாள். நூல் தானாக வாய்க்குப் போயிற்று. 'டக்'கென்று ஒரு சத்தம். நூல் அறுந்தது, அவளுக்குப் பாதி உயிர் போயிற்று. நாக்கால் தொட்டுப் பார்த்தாள். பல் ஆடியது.

அன்றே ஓடியிருக்க வேண்டியதுதானே? எங்கே ஓடினாள்! டாக்டர் திட்டுவார், மறுபடி எலும்பைக் குடைவார், வீட்டுக்காரர் ஆயுசு முழுக்கச் சொல்லிக் காட்டுவார் என்று பயந்து செத்தாள். தூக்கத்தில் அதை விழுங்கிவிட்டால்? எலும்போடு பெயர்ந்து வந்துவிட்டால்? நாக்கு மட்டும் நாள் முழுக்க அங்கேயே போய்ப் போய் வந்தது. ஒவ்வொரு தடவையும் பல் கொஞ்சம் கூடுதலாக ஆடியது. ஒரு பக்கமாகவே மென்றாள். ஈறு வீங்கிச் சீழ் வைத்த பிறகுதான், துணி வாங்கப் போவதாகப் பொய் சொல்லிவிட்டுத் தனியாகப் போனாள்.

டாக்டர் மேலே இருந்த தற்காலிகப் பல்லைக் கழற்றிவிட்டு உள்ளே இருந்த வேரைத் தொட்டார். அது அசைந்தது. என்றைக்கு ஆட ஆரம்பித்தது என்று கேட்டார். அக்கா நூல் கதையைச் சொல்லி அழுதாள். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

"நூலைக் கடிச்ச அன்னைக்கு, மேல இருக்கற பல்லு மட்டும்தாம்மா கழண்டிருக்கும். வந்திருந்தா இறுக்கி விட்டிருப்பேன். ஆடி ஆடி, சீழும் வச்சு, இப்ப வேரே பிடி விட்டுடுச்சு. எடுத்துத்தான் ஆகணும்."

எலும்பு ஆறி நிறைந்த பிறகு மறுபடி முயன்று பார்க்கலாம் என்றும் சொன்னார். அது அக்கா காதில் ஏறவில்லை.

வாயில் பஞ்சோடு கடைக்குத் திரும்பியவள், கணவர் முன்னால் நின்று எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"தெரியும். நீ நூல் கடிச்சதைப் பாத்தேன். ஒரு பக்கமாவே மென்னுட்டு இருந்ததையும் பாத்தேன்."

"அப்புறம் ஏங்க ஒரு வார்த்தை கேக்கல?"

அவர் மேசைமேல் கிடந்த சட்டையின் காலரை நீவிவிட்டார்.

"கேட்டு, 'ஆமா, ஆடுது'ன்னு நீ சொல்லிட்டா என்ன பண்றது? எனக்கும் பயமா இருந்துச்சு."