வெளிய போணும்

எங்கள் அலுவலகத்தில் அவரை எல்லோரும் அகராதி என்றுதான் கூப்பிடுவோம். பழைய தமிழ் அகராதி ஒன்றைத் திருத்தி விரித்து வெளியிடும் அலுவலகம் அது. ஆனால் பெயர் வந்தது அதனால் இல்லை. யாராவது ஜன்னலைத் திறந்தால் எழுந்துபோய் மூடுவார். மூடியிருந்தால் திறப்பார். 'கோர்வை' என்று எழுதினால் 'கோவை' என்று திருத்தி, அதன் பக்கத்தில் ஆச்சரியக்குறியும் போடுவார். "சரியான அகராதி புடிச்ச மனுஷன்" என்று பியூன் ஒருநாள் அலுத்துக்கொண்டது அவர் காதில் விழுந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. அகராதி என்ற சொல்லுக்குத் திமிர் என்ற பொருள் எப்படி வந்திருக்கும் என்று பியூனை உட்காரவைத்து மாலைவரை பேசினார். அதற்கப்புறம் பியூன் அவர் காது கேட்க யாரையும் திட்டவில்லை.

நான் அவருக்குப் பக்கத்து மேசை. வேலையில் சேர்ந்த புதிதில் சொற்களைப் பங்கு பிரித்தார்கள். கடல், கனவு, கருணை மாதிரியானவை எல்லாம் மூத்தவர்களுக்குப் போய்விட்டன. உடம்பு, கழிவு, வசவு இவை மூன்றும் அகராதியின் தலையில் விழுந்தன. "உங்களுக்குத்தான் எதுவும் உறைக்காதே, நீங்களே பாத்துடுங்க" என்றார் எங்கள் பதிப்பாசிரியர். அவர் சொன்னது கேலி. அகராதி அதைச் சான்றிதழாக எடுத்துக்கொண்டார்.

சாப்பாட்டு நேரத்தில்தான் அவருக்குப் பேச்சு வரும். டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே ஆரம்பிப்பார்.

"கக்கூஸ்னு சொன்னா எல்லாரும் மூஞ்ச சுளிக்கறாங்க. அது கப்பல்ல வந்த சொல்லும்மா. டச்சுக்காரங்க விட்டுட்டுப் போனது. கோட்டை போச்சு, வியாபாரம் போச்சு, இது மட்டும் நம்ம வாயில நின்னுபோச்சு."

"சார், சாப்பிடறோம்."

"சொல்லைத்தானேம்மா சொல்றேன். பொருளையா கொண்டுவந்து வெச்சேன்?"

டாய்லெட் என்பது பிரெஞ்சுக்காரர்களிடம் முதலில் ஒரு சின்னத் துணியாக இருந்தது என்பார். சிங்காரிக்கும் மேசைமேல் விரித்த துணி. பிறகு அந்த மேசை, பிறகு சிங்காரம், பிறகு சிங்காரிக்கும் அறை, கடைசியில் இது. நம் ஆட்களும் ஒப்பனை அறை என்று எழுதிவைத்தார்கள். அங்கே போய் யார் பொட்டு வைத்துக்கொண்டார்கள்? லெட்ரின் என்பதன் வேரைத் தோண்டினால் கழுவும் இடம் என்று வருகிறது. இயற்கை உபாதை என்கிறோம், இயற்கை நமக்கு என்ன உபாதை கொடுத்தது? ஒதுங்குவது, கொல்லைக்குப் போவது, கால் கழுவுவது என்று நேராகச் சொல்லாமல் சுற்றிச்சுற்றிப் போனதுதான் மிச்சம்.

"புதுசா ஒரு சொல்ல மேல போத்தறோம். கொஞ்ச நாள்ல அதுவும் நாறிடுது. உடனே அடுத்தது. இடம் அங்கயேதான் இருக்கு" என்று முடிப்பார். கழிப்பறை என்பதில் மட்டும் அவருக்கு ஒரு பிரியம் உண்டு. கணக்கில் கழிப்பதும் பொழுதைக் கழிப்பதும் அதே கழிதான், இத்தனை தூரம் நடந்துவந்த சொல்லை மரியாதையாக நடத்த வேண்டும் என்பார்.

அவர் மனைவி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் விசாரணை மேசையில் வேலை பார்த்தார். ஆஸ்பத்திரி முழுக்க அவரை விசாரணையக்கா என்றே கூப்பிட்டார்கள். பேச்சுதான் அவருடைய தொழில். நாள் முழுக்கப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தும் பேசுவார். ஒருமுறை வீட்டுக்குப் போயிருந்தபோது என்னிடம் சொன்னார்:

"டாக்டர் ரூம் எங்கன்னு கேக்கறவங்க சத்தமா கேப்பாங்க. அதுக்கு வழி கேக்கறவங்க மேசமேல சாஞ்சு, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பாத்துட்டு, 'மேடம்...'னு இழுப்பாங்க. நான் முழுசா கேக்கவே விடமாட்டேன். நேராப் போய் இடது பக்கம்னு சொல்லிடுவேன். பாவம், எதுக்கு அவங்க வாயால சொல்லணும்?"

"நல்லா கேட்டுக்க. இவ அதையெல்லாம் பாத்ரூம்னு சொல்லுவா. பாத்ரூம்னா குளிக்கிற இடம்" என்றார் அகராதி, செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

"நம்ம வீட்ல ரெண்டுக்கும் ஒரே கதவுதானேங்க? எந்தப் பேரச் சொன்னாலும் அந்தக் கதவுதான் தொறக்கும்."

அகராதி வாதத்தில் தோற்கிற ஒரே இடம் அந்த வீடு. தோற்றதாக ஒப்புக்கொள்ளவும் மாட்டார். அந்த வீட்டில் யார் வாயிலும் பாத்ரூம் என்று வந்தால் அடுத்த நொடி திருத்தம் வரும். மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனதும் திருத்துவதற்கு மனைவி ஒருத்தர்தான் மிஞ்சினார்.

அந்த மனைவிக்குத்தான் பக்கவாதம் வந்தது. வேலை நேரத்தில், அந்த மேசையிலேயே. யாரோ வழி கேட்டிருக்கிறார்கள். காட்டுவதற்காகக் கையைத் தூக்கியிருக்கிறார். கை பாதியில் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடந்ததால் உயிர் தப்பியது. வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. யார் என்ன கேட்டாலும் 'அது' என்பார். வேண்டாததற்கு 'வேணாம்'. பிறகு 'வெளிய'. இவ்வளவுதான் மிஞ்சியது.

அகராதி சீக்கிரமே வேலைக்குத் திரும்பிவிட்டார். "எப்படி இருக்காங்க சார்?" என்று கேட்டால், "இருக்கா" என்பார். ஜன்னலைத் திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை. என் பிழையைக்கூடத் திருத்தாமல் தாண்டிப்போனபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

மகள் வந்து தங்கி, பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸம்மாவை ஏற்பாடு செய்துவிட்டுப் போனாள். நர்ஸம்மா நல்லவர், கை சுத்தம், பேச்சும் தன்மை. "வெளிய, வெளிய" என்று விசாரணையக்கா சொல்லும்போதெல்லாம் சக்கர நாற்காலியைப் பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு போவார். அங்கே போனதும் நாற்காலி நனைந்துவிடும். அடக்குகிற சக்தி போய்விட்டது என்று எல்லோரும் முடிவுகட்டினார்கள். பெரியவர்களுக்கான டயப்பர் மாட்டினார்கள். அதை அவர் இடது கையால் பிய்த்துப்போட்டார். பிடிவாதம் என்றார்கள். நோயில் இப்படி வரும் என்றார் டாக்டர். மகள் போனில் அழுதாள். அகராதி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். அவர் கூடத்தில் உட்கார்ந்து அச்சுப்படி திருத்திக்கொண்டிருந்தார்.

"அம்மா வெளிய போணும்ங்கறாங்க சார். பால்கனி வேணாமாம்" என்றார் நர்ஸம்மா.

"கீழ கூட்டிட்டுப் போங்க. கொஞ்சம் காத்து வாங்கட்டும்."

விசாரணையக்கா வேகமாகத் தலையை ஆட்டினார். இடது கையால் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தப் பார்த்தார். "வேணாம். வெளிய. அது. வெளிய." நர்ஸம்மா அந்த விரல்களை மெதுவாகப் பிரித்து மடியில் வைத்துவிட்டு, லிஃப்டில் கீழே இறக்கினார்.

கட்டடத்துக்கு முன்னால் விடுமுறை நாள் கூட்டம். கார் கழுவுகிறவர்கள், பேசிக்கொண்டு நிற்கிறவர்கள், வாட்ச்மேன். விசாரணையக்காவின் குரல் ஏறியது. மூன்றாவது மாடியில் இருந்த அகராதிக்கே கேட்டது. அவர் இறங்கிவந்தார்.

"வெளிய!"

"வெளியதாம்மா வந்திருக்கோம். பாருங்க, எல்லாரும் இருக்காங்க" என்று நர்ஸம்மா சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் நடந்தது. இந்த முறை வெறும் நனைதல் இல்லை. நின்றவர்கள் ஒவ்வொருவராக வேறு பக்கம் பார்த்தார்கள். ஒருவர் அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். தரைத்தளத்துத் தையல்காரம்மா மட்டும் உள்ளே ஓடி, தைக்கக் கொடுத்திருந்த யாருடைய திரைச்சீலையையோ எடுத்துவந்து விசாரணையக்காவின் மடியில் போர்த்தினார். "ஒண்ணுமில்லக்கா, ஒண்ணுமில்ல" என்று தலையைத் தடவினார்.

விசாரணையக்கா வேறு யாரையும் பார்க்கவில்லை. கணவரை மட்டும் பார்த்தார்.

லிஃப்ட் மேலே ஏறும்போது அகராதிக்கு விளங்கியது. மனைவி சிறுமியாக இருந்தபோது வசித்த வரிசை வீடுகளில் கழிப்பறை இல்லை. விடிவதற்கு முன்னால் பெண்கள் சேர்ந்து போவார்கள். அதற்கு அவர்கள் வீட்டில் வேறு சொல்லே கிடையாது. வெளிய போறது, அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் மனைவி ஒருமுறை அப்படிச் சொல்லப்போய், அகராதி சிரித்து, திருத்தி, அந்தச் சொல் மனைவியின் வாயிலிருந்து மறைந்தே போயிருந்தது. வெளிக்குப் போதல் என்ற வழக்குக்குப் பொருள் எழுதி, மேற்கோள் தேடி, அச்சுக்கு அனுப்பியவரும் அவர்தான். மேலே மேலே போர்த்திய சொற்களையெல்லாம் நோய் உருவிப்போட்டுவிட்டது. அடியில் கிடந்தது ஒன்று. அதைவைத்துத்தான் அந்த அம்மா அத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் அலுவலகத்தில் இதை என்னிடம் சொன்னார். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை.

"அவளுக்கு அடக்க முடிஞ்சிருக்கும்மா. முடிஞ்ச மட்டும் அடக்கியிருக்கா. நாங்கதான் ஒவ்வொரு தடவையும் காத்து வாங்கக் கூட்டிட்டுப் போனோம்."

"நீங்க வேணும்னேவா பண்ணீங்க? தெரியாம..."

"தெரியாதுன்னு யார் சொன்னா? எனக்குத் தெரியும். கேக்கலை."

அழுவார் என்று நினைத்துத் தண்ணீர்ப் பாட்டிலை நகர்த்தி வைத்தேன். அவர் சிவப்புப் பேனா கேட்டார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் கழிப்பறை என்ற சொல் நின்றுபோயிற்று. "வெளிய போலாமா?" என்று அவரே கேட்பார். மனைவி கண்ணை மூடித் திறந்தால் ஆமாம். டயப்பர் தேவைப்படவில்லை. நாற்காலியும் நனையவில்லை. குளிப்பதற்கு அந்த அம்மா 'தண்ணி' என்று ஒரு சொல்லைக் கண்டுபிடித்துக்கொண்டார். அதுவும் வீட்டுச் சொல்லாகிவிட்டது. பார்க்க வந்த உறவுக்காரர்கள் ஒருமாதிரி பார்த்தார்கள். "வீட்டுக்குள்ளயே இருந்துக்கிட்டு வெளிய வெளியங்கறாரு. இவருக்கும் எதாவது ஆயிடுச்சா?" என்று வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே பேசியது என் காதில் விழுந்தது.

பிறகு அவர் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டார். நர்ஸம்மாவைப் பாதி நாள் மட்டும் வரச் சொன்னார். நான் போயிருந்த ஒரு நாள் அவர் மனைவியைக் கழுவித் துடைத்து, புடவை மாற்றிக் கொண்டுவந்து உட்காரவைத்தார். கையில் நடுக்கமில்லை, முகத்தில் ஒன்றுமில்லை. அச்சுப்படி திருத்துகிற அதே முகம்.

அந்த அம்மா கண் அயர்ந்ததும் கேட்டேன்: "கஷ்டமா இல்லையா சார்?"

யோசித்துத்தான் சொன்னார். "கஷ்டம் இல்லம்மா. அருவருப்பும் இல்ல. பாசம் பொங்குதா, அதுவும் இல்ல. ரொம்ப நேரம் மடக்கி உக்காந்தா கால் மரத்துப்போகுமே, அப்படி இருக்கு. கிள்ளினாலும் தெரியாது. ஆனா எந்திரிச்சா நடக்குது."

"அவங்களுக்குப் புரியுதா? நீங்க பாத்துக்கறது?"

"புரியாம என்ன? அவ வேலையே அதுதானே. யார் கேட்டாலும் முழுசா கேக்க விடமாட்டா. அவளத்தான் நான் கேக்கவெச்சே கொன்னிருக்கேன்."

அதைச் சொன்னபோதும் குரல் மாறவில்லை.

விசாரணையக்கா அதற்கப்புறம் கொஞ்ச காலம்தான் இருந்தார். இரண்டாவது தடவை பக்கவாதம் வந்தபோது எந்தச் சொல்லும் மிஞ்சவில்லை. அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே, பகலில், மகள் பக்கத்தில் இருக்கும்போது உயிர் போயிற்று. காரியங்களை எல்லாம் அகராதி முன்னால் நின்று செய்தார். வந்தவர்களுக்கு நாற்காலி போட்டார். ஒரு பெரியவர் கழிப்பறை எங்கே என்று கேட்கத் தயங்கியபோது கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டுபோய் விளக்கைப் போட்டுவிட்டார். தைரியமான மனுஷன் என்றார்கள்.

மகள் அவரைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஒருதரம் பார்க்கப் போனேன். பளபளவென்று வீடு. மருமகன் தன்மையான பிள்ளை. "ரெஸ்ட்ரூம் அந்தப் பக்கம் இருக்கு, ஆன்ட்டி" என்று காட்டினார். அகராதி பக்கத்தில்தான் இருந்தார். ஓய்வறையில் யாருக்கு ஓய்வு என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். கேட்கவில்லை.

சமையலறையில் மகள் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அக்கா, நீங்க கொஞ்சம் பேசிப் பாருங்களேன். அப்பா பாத்ரூமுக்குள்ள போனா வெளிய வரமாட்டேங்கறார். தண்ணி சத்தமும் இல்ல. கதவத் தட்டினா 'இருக்கேம்மா'ங்கறார். அவ்வளவுதான்."

கூடத்துக்கு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"இந்த வீட்ல தாழ்ப்பாள் இருக்கிற ரூம் அது ஒண்ணுதாம்மா. அங்க இருந்தா என்ன ஆச்சுன்னு யாரும் கேக்கமாட்டாங்கன்னு நெனச்சேன். இங்க அதுக்கும் கேக்கறாங்க."

"அழறீங்களா சார்?"

"அழுகை வரும்னுதான் போறேன். வரமாட்டேங்குது. எதிர்ல கொழாய் இருக்கு. அதப் பாத்துட்டு எந்திரிச்சு வந்துடறேன்."

நான் கொண்டுபோயிருந்த திராட்சையைக் கழுவி எடுத்துவருகிறேன் என்று எழுந்தார். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. சத்தம் நிற்கவில்லை. மகள் எழுந்துபோனாள். நானும் பின்னால் போனேன். அவர் குழாயடியில் வடிதட்டைப் பிடித்தபடி நின்றார். நிரம்பி வழிந்த தொட்டியில் திராட்சைகள் மிதந்துகொண்டிருந்தன.

"அப்பா" என்றாள் மகள்.

"ம்" என்றார்.

அவள் குழாயை மூடினாள். துண்டை எடுத்து, அவருடைய இரண்டு கையையும் விரல் விரலாகத் துடைத்தாள். அவர் துடைக்க விட்டார்.