என் சிநேகிதி விருந்தாளியாக வந்தபோது

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். ஏலகிரி மலையில் மார்கழிப் பனி இறங்கிக்கொண்டிருந்த காலம்.

அதற்கு முன்பு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருந்தேன். பசை நெடி ஒத்துக்கொள்ளாமல் மூச்சிரைப்பு வந்தது. வேலையை விட்டுவிட்டு மலையிலுள்ள அம்மா வீட்டுக்கே வந்துவிட்டேன். அப்போதுதான் எங்கள் ஊர் ஓரத்தில் ஒரு தங்கும் விடுதி கட்ட ஆரம்பித்தார்கள். சிமென்ட் கிடையாது. செம்மண் சுவர், மூங்கில் சட்டம், மேலே புல் வேய்ந்த கூரை. வேலைக்கு ஊர்ப் பெண்களையே வைத்தார்கள். மண் மிதித்துச் சுவர் வைத்த எங்களுக்கே, கட்டி முடித்ததும் அறைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து கட்டில்மேல் உட்காரும். கனவுக்குள் நடமாடுவது போலிருக்கும். எனக்கு மெல்ல மெல்ல மூச்சு சீரானது.

ஒரு மாலை, பனிக்குள்ளிருந்து ஒரு கார் வந்து நின்றது. புதுமணத் தம்பதி. அந்தப் பெண் முகத்திரையை விலக்கியதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கம்பெனியில் பக்கத்து மெஷினில் இருந்தவள். நான் மூச்சு முட்டி விழுந்த அன்று, ஆட்டோவில் என்னை மடியில் சாய்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவள்.

ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத்தான் தோன்றியது. ஆனால் வசதியான இடத்தில் வாக்கப்பட்டிருக்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். கம்பெனி வேலைக்குப் போனதை அந்த வீட்டில் சொல்லியிருக்கிறாளோ இல்லையோ? என்னால் அவளுக்கு ஒரு சங்கடம் வந்துவிடக் கூடாதே. குனிந்த தலை நிமிராமல் பெட்டியை அறையில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன். அதுதான் சரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டாலும், நெஞ்சு என்னவோ கனத்துக் கிடந்தது.

மறுநாள் காலை, மழையில் கரைந்திருந்த ஒரு சுவரைப் பூசிக்கொண்டிருந்தோம். கடுக்காய் ஊறிய தண்ணீரில் குழைத்த கலவை. பக்கத்தில் இருப்பவர் முகம்கூடத் தெரியாத பனி.

"இன்னாடி இது, எங்க அப்பா வேலை செஞ்ச தோல் ஷாப் வாசனை இங்க வருது?"

திரும்பினேன். அவளேதான்.

"கடுக்காய்டி... தோல் பதம் பண்றதும் இதுலதானே" என்றேன்.

"நேத்து ஏன் மூஞ்சியத் திருப்பிக்கினு போய்ட்ட? நான் வாயத் தொறக்கறதுக்குள்ள கதவ சாத்திட்ட!"

"உன் வீட்டுக்காரர் இருந்தாரு. உனக்குக் கஷ்டமாய்டுமோன்னு..."

அவள் பனியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். வீட்டில் உருது பேசுகிறவள், எனக்கும் புரியட்டும் என்றோ என்னவோ, தமிழிலேயே கூப்பிட்டாள்.

"ஏங்க, இங்க வாங்க! நான் சொல்வேன்ல, என் மெஷின் தோஸ்த்து, இவதான்!"

பனியிலிருந்து வெளிப்பட்ட அவள் கணவர் சிரித்தார். "வீட்ல உங்க பேச்சுதான் ஜாஸ்தி. ஒடம்பு இப்ப பரவால்லையா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளோ வளையல்களைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, மருதாணி சிவந்த கையோடு என் பக்கத்தில் உட்கார்ந்து சுவர் பூச ஆரம்பித்தாள். கோணல்மாணலாகத்தான் பூசினாள். வேலை செய்த பெண்களெல்லாம் சிரித்த சிரிப்பில், பனி விலகியதையே நாங்கள் கவனிக்கவில்லை.

பிரியமானவர்களை நாமாகவே எட்ட நிறுத்திவிட்டு அதற்கு மரியாதை என்று பேர் வைத்துக்கொள்கிறோம் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. இப்போதெல்லாம் தெரிந்த முகம் எதிரே வந்தால், அவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று யோசிப்பதற்கு முன்பே வாய் நிறையக் கூப்பிட்டுவிடுகிறேன்.