ஜெபம் முடிந்த பிறகு வரும் தட்டு

வியாழக்கிழமை காலை எமரால்டு நிறுத்தத்தில் ஊட்டி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது கரீம் பாய் போன் செய்தார். ஊட்டியில் மாட்டிறைச்சிக் கடை வைத்திருப்பவர், சத்தமாகவே பேசிப் பழகியவர். அன்று குரலே எழும்பவில்லை. "இன்னைக்கு வர வேண்டாமுங்க அக்கா. டாக்டரம்மா போயிட்டாங்க." எங்கே என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் புரிந்துவிட்டது. பஸ் வந்தது, ஏறிவிட்டேன். வீட்டுக்குத் திரும்பிப் போய் என்ன செய்வது?

டாக்டர் வசந்தாவைக் கால்நடை மருத்துவராக உங்களில் பலருக்குத் தெரியும். ஓய்வுக்குப் பிறகு பெர்ன்ஹில்லில் தனியாக இருந்தார். கரீம் பாய் கடைப் பொட்டலங்களில் ஒட்டியிருக்கும் சீட்டுகள் அவர் வகுத்தவை. பச்சை என்றால் மென்மை, மஞ்சள் நடுத்தரம், சிவப்பு கடினம். நம் மலையில் கறிக்கு வருவது பெரும்பாலும் வயதான மாடு. வாங்குகிறவள் அடுப்பில் ஏற்றிய பிறகுதான் அது வேகுமா வேகாதா என்று தெரியும். அதை வாங்கும்போதே தெரியப்படுத்த வேண்டும் என்பதுதான் அவருடைய பிடிவாதம்.

சிவப்புச் சீட்டை ஒட்டக் கரீம் பாய்க்கு மனமே வரவில்லை.

"ஏனுங்க டாக்டரம்மா, கடினம்னு நானே எழுதி ஒட்டினா எவன் வாங்குவான்?"

"ஒட்டாம வித்தா அடுத்த தடவை எவன் வருவான்?"

"சரிங்க, 'கொஞ்சம் கடினம்'னு போட்டுக்கறேனுங்க."

"கொஞ்சம்னா எத்தனை விசில், பாய்?"

பாய் சிரித்துவிட்டார். சீட்டு ஒட்டப்பட்டது.

எந்தக் கறிக்கு எந்தச் சீட்டு என்பதைச் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள் ஆறு பேர். கறியைச் சுவைத்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று பூசை முடிந்ததும் ஆலயத்தில் அறிவித்தார்கள், நான் பெயர் கொடுத்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவள், மற்றதெல்லாம் நானாக வாசித்துக் கற்றது. என்னைச் சேர்ப்பார்களா என்று தயங்கினேன். "மெல்லத் தெரியுமில்லீங்க? உண்மையைச் சொல்லத் தெரியுமில்லீங்க? போதும்" என்றார் டாக்டர்.

பங்கு மண்டபத்தின் பின்னறையில் ஒரு நீள மேசை. ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரிந்தால் கருத்தும் தொற்றிக்கொள்ளும் என்று ஆறு பேருக்கும் நடுவில் அட்டைத் தடுப்பு வைத்திருந்தார். பேசக் கூடாது. ஒரே கனத்தில் வெட்டி, ஒரே சூட்டில் வேகவைத்த துண்டுகள் எண் ஒட்டிய கிண்ணங்களில் வரும். மென்று பார்த்து மதிப்பெண் எழுத வேண்டும். என் கணவர் இறந்த பிறகு, மகனும் திருப்பூருக்குப் போய்விட, வாரம் முழுக்க நான் தனியாகத்தான் சாப்பிட்டேன். வியாழக்கிழமையும் தனியாகத்தான். ஆனால் அட்டைக்கு அந்தப் பக்கம் இன்னொருவர் மெல்லும் சத்தம் கேட்கும். அதற்காகவே இரண்டு பஸ் மாறி வந்தேன் என்று இப்போது எழுதினால் தப்பில்லை. தவக்காலத்தில் சுவைப்பு கிடையாது. அந்த நாற்பது நாளும் எனக்கு இரண்டு உபவாசம்.

ஒருமுறை, நன்றாகப் பதப்படுத்திக் குளிரறையில் வைத்திருந்த கறி ஒன்று மயிரிழையில் பச்சைச் சீட்டைத் தவறவிட்டது. ஒரு பள்ளி விடுதிக்கு அதைத் தருவதாகக் கரீம் பாய் சொல்லியிருந்தார். "ஆறு வாயில ஏதோ ஒரு வாய் சரியில்லீங்க" என்று அறைக்கு வெளியே அவர் குமுறியது எங்களுக்கும் கேட்டது.

நான் எதையும் எழுதி வைக்கிறவள். மதிப்பெண் தாளைக் கொடுக்குமுன், எந்தக் கிண்ணம் முதலில் வந்தது, எது அடுத்து என்று என் நோட்டிலும் ஒரு படி எடுத்துக்கொள்வேன். வீட்டுக்கு வந்து அதைப் புரட்டினேன். எந்த வாரத்தைப் பார்த்தாலும், முதலில் வந்த கிண்ணத்துக்கு மட்டும் நான் குறைவாகவே போட்டிருந்தேன். ஏன் என்று யோசித்தபோது கை தானாக நெற்றிக்குப் போனது. சிலுவை அடையாளம் போட்டு, கண்ணை மூடி, முழு ஜெபமும் சொல்லிவிட்டுத்தான் முதல் துண்டை வாயில் வைப்பேன். அதற்குள் ஊட்டிக் குளிரில் அது விறைத்துப்போயிருக்கும்.

சொன்னால் டாக்டர் என்னை மேசையிலிருந்து எடுத்துவிடுவார். சொல்லாவிட்டால் சீட்டு பொய். அடுத்த வாரம் நோட்டை அவர் முன்னால் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். எந்தக் கோயிலுக்கும் போகாதவர். ஜெபத்தை விடச் சொல்வார் என்று நினைத்தேன்.

"ஏனுங்க ரோசலின், சாமி கும்பிட எவ்வளவு நேரமாகும்?"

"ஒரு நிமிஷம் டாக்டர்."

"அப்ப முதல்ல ஜெபம். அப்புறம் தட்டு. விதியில எழுதிடறேன்."

அன்றே கரீம் பாயிடம் போய், "நான் வகுத்த முறையில பிழை, பாய். மன்னிச்சுக்கங்க" என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. அப்படியானால் அந்தப் பழைய கறிக்குப் பச்சை தரச் சொல்லிப் பாய் கேட்டதற்கு, "மறுபடி மெல்லாம கையெழுத்துப் போட மாட்டேன்" என்றுவிட்டார்.

அவர் எங்களோடு ஒரு துண்டுகூடச் சாப்பிட்டதில்லை. "எந்த எண் எந்தக் கறின்னு எனக்குத் தெரியும். தெரிஞ்ச நாக்கு நம்பகமில்லை." எண் போடுகிறவர் சுவைக்கக் கூடாது என்பது அவருடைய முதல் விதி. என் வீட்டுக்குச் சாப்பிட வரும்படி பலமுறை கூப்பிட்டேன். "ஒரு நாள் வர்றேனுங்க" என்பார். வரவில்லை. நானும் நாள் குறித்துக் கூப்பிடவில்லை.

அடக்கம் முடிந்து சில வாரம் கழித்துக் கரீம் பாய் எங்களைக் கூட்டினார். சீட்டுச் சுருள்கள் பிரிக்காமல் அவர் கையில் இருந்தன. "சோதிக்காம ஒட்ட மாட்டேனுங்க. யாராச்சும் ஒருத்தர் எண் போடுங்க." ஆறு பேரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நான் போடறேன்" என்றேன்.

பக்கத்தில் இருந்த பிலோமினா என் கையைப் பிடித்தாள். "அப்ப நீ எங்ககூட உக்கார முடியாதேடி?"

"தெரியும்."

போன வியாழக்கிழமை, டாக்டர் வழக்கமாக நின்ற இடத்தில், சமையலறைக் கதவோரம், முதல்முறையாக நின்றேன். அங்கிருந்து யார் மெல்லுவதும் கேட்பதில்லை. இத்தனை காலம் அவர் அங்கேதான் நின்றிருக்கிறார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த இடமும், தட்டு ஆறிவிடாதபடி காத்திருந்து கொடுக்கும் அந்தக் கணக்கும்தான். உள்ளே ஐந்து பேரும் ஜெபித்தார்கள். அவருக்காக நானும் சேர்ந்துகொண்டேன். ஆமென் என்று கேட்ட பிறகுதான் தட்டை எடுத்தேன். சூடாகவே இருந்தது.