பிடியரிசி ஞாயிறும் எங்கள் அக்காளும்

எங்கள் அக்காள் கர்த்தருக்குள் இளைப்பாறி ஓராண்டு ஆகிறது. அவர்களை நினைத்தால் “அது ஏன் அப்பிடி?” என்ற கேள்விதான் இன்னும் என் காதில் விழுகிறது. நம் திருவனந்தபுரம் சபையில் அந்தக் கேள்விக்குத் தப்பியவர் யாருமில்லை. நோவாவின் பேழைக்குள் அடுப்பெரிக்க விறகு ஏது என்று கேட்டுப் போதகர் ஐயரையே திணற அடித்தவர்கள் அக்காள்.

குழித்துறைக்குப் பக்கத்தில் உபதேசியார் வீட்டில் மூத்த மகளாகப் பிறந்தார்கள். சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்த அத்தானுக்கு வாழ்க்கைப்பட்டு இந்த நகரத்துக்கு வந்தார்கள். அத்தான் சீக்கிரமே போய்விட்டார். கைக்குழந்தையோடு நின்ற அக்காள், பழவங்காடிக் கடைகளுக்குத் துணி தைத்துக் கொடுத்து மகளைப் படிக்கவைத்தார்கள். அந்தப் பாடுகளுக்கு நடுவிலும் ஜெபக்கூட்டத்துக்கு ஒருநாள் தவறியதில்லை.

சபைப் பெண்கள் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் சேர்த்து வைப்பது நம் வழக்கம். மாதத்துக்கு ஒருமுறை மாதர் சங்கத்தார் வீடுவீடாகப் போய் அதை வாங்கி வருவார்கள். அக்காள் சங்கத் தலைவியானதும் இதை மாற்றினார்கள். காணிக்கையை அவரவரே ஆலயத்துக்கு ஏந்தி வந்தால்தானே அழகு என்றார்கள். அதன்பின் மாதம் ஒருமுறை வரும் பிடியரிசி ஞாயிறு தோறும் பெண்கள் கலயங்களோடு வரிசையாக முன்னே வந்து மேசைமேல் வைத்தார்கள். ஆராதனை முடிந்ததும் கோயில் பணியாளர் அவற்றைச் சாக்கில் கொட்டுவார். அக்காளுக்கு அதில் உள்ளூரப் பெருமை.

பிறகு யுத்தம் வந்தது. அரிசி கிடைக்காமல் அநேக வீடுகளில் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கே சாப்பாடானது. சில ஞாயிறுகளில் ஆலயத்தில் பின்வரிசைகள் காலியாயின. “விசுவாசம் தணிஞ்சு போச்சு” என்றார் சபை மூப்பர்.

அக்காள் விடவில்லை. “மத்த ஞாயிறெல்லாம் வாறவங்க, பிடியரிசி ஞாயித்துக்கு மட்டும் வரல்லியே. மாசத்துல ஒருநாள் மட்டுமா மூப்பரே விசுவாசம் தணியும்?”

காரணம் தெரியாமல் அவர்களுக்குத் தூக்கம் பிடிக்குமா? என்னையும் இழுத்துக்கொண்டு சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் குடியிருந்த, அப்படி வராமலிருந்தவர்களில் ஒருவரான ஞானம்மாள் வீட்டுக்குப் போனார்கள். சுமைதூக்கும் தொழிலாளியின் மனைவி அவர். கிழங்கு சீவிக்கொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை.

“எக்கா, வெறும் கலயத்த தூக்கிட்டு எப்பிடி முன்ன வர? எல்லாரும் பாப்பாவளே. அதாக்கும் வீட்லயே இருந்தேன்.”

அக்காள் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் கண்ணீர். “வரிசையா வரச்சொன்னது நானாக்கும்டா தம்பி. ஆண்டவர்கிட்ட வாற வழிய நானே அடைச்சுட்டேனே! இனி அவ வராமலே இருந்துட்டா?” என்றார்கள். மறுநாளே மீண்டும் போய், “வெறுங்கலயத்தோடயே வா. மத்தத நான் பாத்துக்கிடுதேன்” என்று ஞானம்மாளைக் கெஞ்சினார்கள். வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை.

அடுத்த பிடியரிசி ஞாயிற்றில் அக்காள் முதலாவதாக எழுந்து போய், எல்லாரும் காணத் தம் கலயத்தைக் கவிழ்த்துக் காட்டினார்கள். ஒரு மணி அரிசி விழவில்லை. “ஐயரே, வெறுங்கையா வந்தா ஆண்டவர் திருப்பி அனுப்பிருவாரா?”

“மாட்டார் அம்மா” என்றார் ஐயர். மூப்பர் முகம் சிவந்தது. அப்போது அவருடைய மனைவியே எழுந்து வந்தார். “எனக்க கலயத்துலயும் மேல மட்டுந்தான் அரிசி. கீழ பூரா மரச்சீனி” என்று சொல்லி மேசைமேல் கொட்டினார். காய்ந்த கிழங்குத் துண்டுகள் கலகலவென்று உருண்டன. சிரிப்பை அடக்க முடியாமல் ஐயர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். அத்தனை கலயங்களின் அடியையும் பார்த்திருந்த கோயில் பணியாளர் அதுவரை எப்படி வாய் திறக்காமல் இருந்தாரோ, எனக்கு இன்றும் ஆச்சரியம்.

வாசற்படிக்கு வெளியே நின்றிருந்த ஞானம்மாள் உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் வந்தார்கள். அன்று மதியம் கிழங்கையும் அரிசியையும் ஒன்றாக வேகவைத்து, சபையார் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்டோம்.

அக்காளின் கடைசி நாட்களில் இரவும் பகலும் கூடவே இருந்த ஞானம்மாளுக்கும், மூப்பர் வீட்டம்மாவுக்கும், படுக்கையருகே ஜெபித்த ஐயருக்கும், அடக்க ஆராதனைக்கு வந்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காள் இல்லையே என்று எங்கள் வீட்டுக்கு வராமல் இருந்துவிடாதீர்கள். எதுவும் கொண்டுவர வேண்டாம், நீங்கள் வந்தால் போதும்.