வட்டக்கச்சி வயலில் கோல்ஃப்

கனடாவிலிருந்து வருகிறவர்கள் சொக்லேட் கொண்டு வருவார்கள், கோடாலித் தைலம் கொண்டு வருவார்கள். என் அத்தான் ஒரு நீளப் பை நிறைய இரும்புத் தடிகள் கொண்டு வந்தார். கோல்ஃப் விளையாடுகிற தடிகளாம். விமான நிலையத்திலிருந்து எங்கள் ஊர் வட்டக்கச்சி வரைக்கும் வாடகை வான் வண்டியில் அந்தப் பைக்கு ஒரு சீட். நான் பின்னால் சூட்கேசுகளுக்கு நடுவில் முடங்கிக்கொண்டு வந்தேன்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். நான் செய்கிற வயல் அக்காவுக்குச் சீதனமாக எழுதியது. அவர்கள் கனடா போன பிறகு உழுவது, விதைப்பது, வரம்பு கட்டுவது எல்லாம் நான்தான். எனக்கென்று வேறு காணி கிடையாது. அதை விற்கிற எண்ணத்தோடுதான் அத்தான் வருகிறார் என்று ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது. சந்திக் கடையில் என்னைக் கண்டவனெல்லாம், "என்ன, காணி கைமாறப் போகுதாம்?" என்று விசாரித்தான். அத்தான் மட்டும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த மனிதரிடம் எடுத்த எடுப்பில் எப்படிக் கேட்பது?

கேட்காத பாவத்துக்குப் பை தூக்கினேன்.

மாரியில் விதைத்த காலபோக நெல் வெட்டி முடிந்து வயல் காய்ந்து கிடந்தது. வெயில் தாழ்ந்ததும் அத்தான் வெள்ளைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, "வாரும் தம்பி, ஒருக்கா விளையாடிப்போட்டு வருவம்" என்பார். நாலு வரம்பு தள்ளி ஒரு குழி, பக்கத்தில் உரப்பைத் துண்டில் ஒரு கொடி. குழியைத் தோண்டியதும் நான், கொடியைக் கட்டியதும் நான். அத்தான் அடிக்கிற பந்து நெல் அடிக்கட்டைகளுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அதைத் தேடுவதும் நான்தான். பக்கத்து வயலில் மாடு அவிழ்க்க வந்தவன் மாட்டை மறந்துவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பான். எனக்கு உடம்பெல்லாம் கூசும்.

முதல் நாள் பந்து குழியில் விழுந்ததும், "எத்தினை அடி தம்பி?" என்று கேட்டார்.

எட்டு அடி. அவர் தடி வீசியதை நான் எண்ணியிருந்தேன். அடி குறையக் குறைய ஆட்டம் திறமாம். வந்த விருந்தாளியிடம் எட்டு என்று சொல்ல நாக்கு வரவில்லை.

"ஐஞ்சு அத்தான்."

அவர் முகம் மாறிவிட்டது. "எட்டு. வாய்க்காலுக்கை மட்டும் மூண்டு. முகத்துக்காகச் சொல்லாதையும். இதிலை ஆரும் பின்னாலை நிண்டு எண்ணுறேல்லை. அவனவன் தன்ரை அடியைத் தானே சொல்லுவான், மற்றவன் நம்புவான். அதுதான் கோல்ஃப்."

பிறகு ஒரு கதை சொன்னார். அந்தக் காலத்தில் ஒரு பெரிய ஆட்டக்காரன், அடிக்கப் போன நேரம் பந்து புல்லுக்குள் ஒரு மயிரிழை அசைந்ததாம். ஒருவரும் காணவில்லை. அவனே வாய்விட்டுச் சொல்லி, தன் கணக்கில் ஒரு அடியைக் கூட்டி, அந்த ஒரு அடியால் கோப்பையை விட்டானாம். சொல்லும்போது அத்தானின் கண் கலங்கியது. எனக்கு அந்த ஆளை நினைக்க எரிச்சலாக இருந்தது. அவனுக்குக் கோப்பைதானே போனது.

பின்னேரம் தவறாமல் கதை இருந்தது. ஸ்கொட்லாந்தில் ஒரு ராசா, சனம் வில் பழகாமல் இதையே விளையாடுகிறது என்று தடை போட்டாராம். எனக்கு அந்த ராசா மேல் பெரிய மரியாதை வந்தது. அமெரிக்காவில் கறுப்பு ஆட்களைப் பை தூக்க மட்டும் விட்ட கிளப்புகளும் கனகாலம் இருந்தனவாம்.

"அந்தச் சனம் ஒண்டும் சொல்லேல்லையோ?" என்று கேட்டேன்.

"என்னத்தைச் சொல்லுறது? பிழைப்பெல்லோ" என்றார் அத்தான். நான் பையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டேன்.

வீட்டில் மனைவி குசினி அடுப்படியில் நின்று பல்லைக் கடித்தாள். "நீங்கள் வாய் திறக்காட்டி அந்த மனிசனுக்கு என்னெண்டு தெரியும்? எங்களுக்கு இதை விட்டா ஒண்டுமில்லை எண்டு சொல்லுங்கோவன்." ஓம் ஓம் என்பேன். வயலுக்குப் போனதும் பந்தைத் தேடக் குனிந்துவிடுவேன். தவிர, காணி அவர்களுடையது. இரந்து கேட்கிற மாதிரி ஆகிவிடும் என்ற ரோசமும் இருந்தது. பயமும் ரோசமும் சேர்ந்தால் மனிதன் வாயில்லாப் பூச்சிதான்.

அத்தான் புறப்படுவதற்கு முதல் நாள் விளையாட்டை இடையில் நிறுத்திவிட்டு வரம்பில் குந்தினார்.

"தம்பி, இந்தக் காணியை வித்தா உமக்கு ஏதும் கஷ்டமோ? உண்மையைச் சொல்லும்."

இத்தனை நாளும் எதிர்பார்த்திருந்த கேள்வி. கஷ்டம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். என் வாயோ தன் பாட்டுக்குப் பேசியது.

"எனக்கென்ன அத்தான். உங்கட காணி, உங்கட விருப்பம்."

அடி எண்ணிக்கையில் என்னை ஒருநாளும் நம்பாத மனிதர் இதை அப்படியே நம்பிவிட்டார். எழும்பி வந்து என் இரண்டு கையையும் பிடித்தார். "இதை உம்மட்டை என்னெண்டு கேக்கிறதெண்டு தெரியாமல்தான் உம்மை ஒவ்வொரு நாளும் இஞ்சை இழுத்துக்கொண்டு வந்தனான். இப்பதான் எனக்கு மூச்சு வருது" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அதைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று எப்படித் திருப்பிச் சொல்வது?

அந்த இடத்திலேயே கனடாவுக்கு அடித்து, "தம்பிக்கு ஒரு கவலையும் இல்லையாம், நீரே கேளும்" என்று போனை என்னிடம் தந்தார்.

"உண்மையோடா?" என்றார் அக்கா.

அத்தான் தோளோடு தோள் உரச நின்றார்.

"ஓம் அக்கா."

அக்காவின் குரல் தாழ்ந்தது. "என்னாலை அவரிட்டை வேண்டாம் எண்டு சொல்ல ஏலாது. நீ சொல்லுவாய் எண்டு நம்பித்தானடா அவரை உன்னட்டை அனுப்பினனான்."

போன் நின்றுவிட்டது.

"அக்கா என்னவாம்?" என்று அத்தான் கேட்டார்.

"சந்தோசமாம்" என்றேன்.