அடுப்போர இடம்

சீனப் பெருஞ்சுவரை மாதக்கணக்கில் நடந்தே கடக்கிறேன் என்று கிளம்பி வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது சுய்லானைத்தான். எந்த ஊரில் யார் வீட்டில் படுக்கலாம், எந்தக் காவல் கோபுரத்துக்குக் கூரை மிச்சம், எந்தச் சரிவில் ஊற்று வற்றிப்போனது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. போனிலேயே அடுத்தடுத்த இரவுக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிடுவாள். ஒரே கண்டிப்பு, மூன்றுகண் கோபுரத்தில் மட்டும் தங்கக் கூடாது. அங்கெல்லாம் ஜன்னலைத்தான் கண் என்பார்கள். அந்தக் கோபுரம் அவள் வீட்டுக்கு நேர் மேலே இருக்கிறது.

அவள் வீட்டிலும் நடைக்காரர்கள் தங்குவார்கள். அகலமான செங்கல் படுக்கை, அடியில் அடுப்புச் சூடு ஓடும். அதில் அடுப்போர இடம்தான் ராஜ இடம். அதை மட்டும் யார் கேட்டாலும் தரமாட்டாள். அது அவள் புருஷன் ஷுவான்சூவின் இடம்.

ஷுவான்சூ என்றால் தூணில் கட்டிவைக்கப்பட்டவன். முதலில் பிறந்தவை தங்காமல் போகவே, இவனையாவது சாவு இழுத்துக்கொண்டு போகக் கூடாதென்று பெற்றவள் வைத்த பெயர். பல வருஷங்களுக்கு முன் ஓர் இலையுதிர்கால மதியம், வழி தவறிய இருவரைத் தேடி மூன்றுகண் கோபுரத்துப் பக்கம் மலையேறினான். "வெயில் அடிக்குதே, கோட்டு எதுக்குடி" என்று வெறும் நீலச் சட்டையோடு போனவன். மூடுபனி இறங்கியது. அந்த இருவரும் வேறு வழியாக இறங்கி வந்துவிட்டார்கள். இவன் வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை.

சீனக் கணக்கில் பத்தாம் மாதம் பிறக்கும் அன்று, குளிருக்குப் போட்டுக்கொள்ளட்டும் என்று ஊரே செத்தவர்களுக்குக் காகிதத் துணி எரிக்கும். சுய்லான் எரிப்பதில்லை. எரித்தால் அவன் செத்தான் என்று அவளே ஒப்புக்கொண்டதாகிவிடும். பக்கத்து வீட்டு பாவ்ஷியாங் வருஷா வருஷம் மல்லுக்கு நிற்பாள்.

"அண்ணி, அவரு குளிர்ல நடுங்குவாரு. உனக்கென்ன மனசா, கல்லா?"

"உயிரோட இருக்கறவருக்கு எதுக்குடி காகிதச் சட்டை? வேணும்னா உன் புருஷனுக்கு எரிச்சுக்கோ!"

வாய் அப்படிப் பேசும். ஆனால் எவ்வளவு விறகு போட்டாலும் அந்த ஓர் இடம் மட்டும் சில்லென்றே கிடந்தது. கொத்தனார் புகைவழியைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒரு பழுதும் இல்லை என்றார். விடிந்தால் அங்கே விரித்த போர்வை பனியில் காயப்போட்டது போல ஈரமாக இருக்கும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இந்த வருஷம் அதே நாள் காலையில் நியே தாவ் என்ற இளைஞன் மலையிலிருந்து நேரே அவள் வாசலில் வந்து இறங்கினான். முந்தைய நாளே வந்திருக்க வேண்டியவன்.

"அக்கா, திட்டாதீங்க. மழையில மாட்டிக்கிட்டேன். அந்த மூணுகண் கோபுரத்துலதான் படுத்தேன்."

"சொன்னா கேக்கவே மாட்டியா? தனியாவா?"

"இல்ல, ஒருத்தரு இருந்தாரு. நீலச் சட்டை, மெல்லிசு. பாவம், பல்லு தந்தியடிச்சுது. என் கோட்டைக் குடுத்தேன். 'இது எனக்குச் சேராது'ன்னுட்டாரு. கீழ வாங்களேன்னேன். 'அந்தப் பக்கமும் போக முடியல, இந்தப் பக்கமும் வர முடியல, வீட்டுல என்னைக் கட்டிப் போட்டிருக்காங்க'ன்னு சிரிக்கிறாரு."

"பேரு சொன்னாரா?"

"கேட்டேன். மறந்துபோச்சாம்."

சுய்லான் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். ஊர்க்காரர்கள் யாராவது இவன் காதில் போட்டிருப்பார்களோ என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள். அவன் இன்னும் யாரையும் பார்க்கவில்லை. அவன் செருப்பில் மலைச்சேறு கூடக் காயவில்லை. காத்திருக்கிறோம் என்று இத்தனை வருஷம் பெருமையாக நினைத்திருந்தாளே!

அந்தி சாயும் நேரத்தில் முச்சந்தியில் சாம்பலால் வட்டம் போட்டாள். வட்டத்தை முழுக்க மூடாமல் கல்லறைப் பக்கம் வழி விடுவது வழக்கம். கல்லறை ஏது? சுவரைப் பார்த்து வழி விட்டாள். பஞ்சு வைத்த காகிதக் கோட்டு ஒன்றைப் பற்றவைத்தாள். பாவ்ஷியாங் பக்கத்தில் வந்து நின்றாள். காற்றில்லை, ஆனாலும் தீ சுவர்ப் பக்கமே சாய்ந்து எரிந்தது. 'போயிட்டு வா' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதில் பாதியை விழுங்கினாள்.

"கட்டை அவுத்துட்டேன். போ."

வீடு திரும்பி நியே தாவுக்குப் படுக்கை விரிக்கும்போது, அடுப்போரத்தில் கை வைத்துப் பார்த்தாள். சுட்டது. கையை எடுக்காமலே அழுதாள்.